நோய் தேறியவர்களுக்குக் குண்டளை ரயில் தடத்தில் ஒரு நிதானமான சைக்கிள் பயணம்: முழுமையான வழிகாட்டி

டெங்கு, டைஃபாய்டு, நிமோனியா என்று ஏதோ ஒன்று படுக்கையில் போட்டுப் புரட்டி எடுத்து, இப்போது காய்ச்சல் விட்டு, சோறு இறங்க ஆரம்பித்து, "கொஞ்சம் வெளியே போய்வந்தால் தேவலை" என்று தோன்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாரடைப்பு வந்தவர்களும் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதை நம்பிக் கிளம்ப வேண்டாம். அவர்களுக்கு மருத்துவர் சொல்வதுதான் வழிகாட்டி.

போகப்போவது மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் என்ற மலையூருக்குச் செல்லும் சாலை, ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். தேனி, போடி, கம்பம் பக்கத்துக்காரர்களுக்கு அது அண்டை வீடு. எஸ்டேட் லயங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள்தான், பேச்சுக்கும் பஞ்சமில்லை. முழுத் தூரத்தையும் ஓட்டச் சொல்லவில்லை. அதில் ஒரு துண்டு, அதுவும் இறக்கத்தில்.

ஏன் இந்தத் தடம்

குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. ஒரு பக்கம் சிறிய சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல், இன்னொரு பக்கம் பெரிய சக்கரம் வெறும் தரையில். இழுத்தவை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் குறுகிய இருப்புப்பாதை போட்டு நீராவி எஞ்சினை ஓடவிட்டார்கள். மூணாறில் ஏற்றிய தேயிலைப் பெட்டிகள் மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷன் வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடி, அதற்கப்புறம் கப்பல் ஏறி இங்கிலாந்து. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் மொத்தத்தையும் அடித்துக்கொண்டு போனது. மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்று சொல்வது இதைத்தான், கொல்லம் ஆண்டு 1099. அதன்பின் யாரும் தண்டவாளம் போடவில்லை. இன்றைய சாலை பெரும்பாலும் அந்தத் தடத்தை ஒட்டியே போகிறது.

தேறிவருகிற உடம்புக்கு இதனால் என்ன லாபம் என்றால், சரிவுதான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறாது, வழுக்கும். அதனால் ரயில் பாதை போடுகிறவர்கள் மலையை நேராக ஏறாமல், இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து மெல்ல உயரம் எடுப்பார்கள். எஞ்சினுக்காகச் செய்த அந்தத் தயவு இன்றைக்கு நம் தொடைக்குக் கிடைக்கிறது. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஒன்று, முழுச் சாலையும் அதே தடம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. மாட்டுப்பட்டி அணையும் குண்டளை அணையும் ரயில் போன பிறகு கட்டியவை. இடையிடையே சின்ன மேடுகள் வரத்தான் செய்யும்.

முதல் வேலை: உடம்பைக் கேளுங்கள்

காய்ச்சல் விட்டுவிட்டது என்பதும் உடம்பு தேறிவிட்டது என்பதும் வேறு வேறு. எந்த நோய் வந்தது என்பதைப் பொறுத்துக் காத்திருக்கும் காலமும் மாறும்.

டெங்கு வந்தவர்கள் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வழக்கமான அளவுக்குத் திரும்பியதை ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்த பிறகே சைக்கிளைத் தொட வேண்டும். தட்டணு குறைந்திருக்கும்போது விழுந்தால் சாதாரண அடிகூட உள்ளே ரத்தம் கட்டிவிடும். எண்ணிக்கை சரியான பிறகும் அசதி பல வாரம் இருக்கும். டைஃபாய்டு குடலைப் புண்ணாக்குகிற நோய். மருந்துக் கோர்ஸ் முழுக்க முடிந்து, வயிறு பழையபடி எல்லாச் சாப்பாட்டையும் தாங்கும் வரை பொறுங்கள். நிமோனியாதான் ரொம்பவும் பொறுமை கேட்பது. இருமலும் மூச்சிரைப்பும் தணியவே ஆறு வாரம் ஆகும், அசதி மூன்று மாதம்கூட நீடிக்கும். மஞ்சள் காமாலைக்காரர்கள் கல்லீரல் பரிசோதனை முடிவை மருத்துவரிடம் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிக்குன்குனியாவுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. நின்ற இடத்திலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிரேக்கையும் இருபது தடவை இறுக்கிப் பிடித்து விடுங்கள். விரல் மூட்டோ மணிக்கட்டோ வலித்தால், மலை இறக்கம் இப்போதைக்கு வேண்டாம். கால் எவ்வளவு தெம்பாக இருந்தாலும் சரி, பிரேக் பிடிக்க முடியாத கை ஆபத்து.

வைரஸ் காய்ச்சலோடு இதயத் தசையிலும் அழற்சி வந்தது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மூன்று முதல் ஆறு மாதம் வரை இந்த மாதிரி உழைப்பே கூடாது. நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள், மலை எங்கேயும் போய்விடாது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் அலமாரியில் கிடக்கும், அதை எடுங்கள். உட்கார்ந்த நிலையில் ஒரு தடவை பாருங்கள். சமதளத்தில் ஆறு நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். ஆக்ஸிஜன் எண் 94-க்குக் கீழே போனாலோ, முதல் எண்ணைவிட மூன்றுக்கு மேல் இறங்கினாலோ, பயணத்தைத் தள்ளிப்போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். விரல் சில்லென்று இருந்தால் அது தப்பாகக் காட்டும், உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாடித்துடிப்பை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கும்.

ஊரிலேயே ஒத்திகை

மலைக்குப் போகுமுன் சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். அடுத்த இரண்டு நாளும் அசதி கூடவில்லை என்றால் பதினைந்து, அப்புறம் இருபது. அவசரமே இல்லை. சமதளத்தில் நாற்பது நிமிடம் ஓட்டி, மறுநாள் காலை வழக்கம்போல எழ முடிகிறது என்ற நிலை வந்தால் மலைக்கு நாள் குறிக்கலாம்.

அடுத்த இரண்டு நாள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், சில நோய்களுக்குப் பிறகு உழைத்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆளை அப்படியே சாய்த்துவிடும். கொரோனாவுக்குப் பிறகு இது பலருக்கு இருந்தது. அப்படி வந்தால் அடுத்த முறை நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். "முயற்சி பண்ணினால் சரியாகிவிடும்" என்று இந்த விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கக் கூடாது, இன்னும் மோசமாகும். திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எங்கே ஏறி எங்கே இறங்குவது

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் 32 கி.மீ. போல வரும். பயண இணையதளங்களைப் பார்த்துவிட்டுப் பலரும் மூணாறு டவுனிலேயே சைக்கிளில் ஏறிவிடுகிறார்கள். நோய் தேறியவர்களுக்கு அது தோதுப்படாது. டவுனை ஒட்டிய பகுதியில் போக்குவரத்து அதிகம், ஏற்றமும் ஆரம்பத்திலேயே வந்துவிடும். போகும்போது ஏறினால் வரும்போது இறங்கலாமே என்பார்கள். ஏறும்போதே மூச்சு போய்விட்டால் இறங்குவதற்குக் கை நடுங்கும்.

என் யோசனை இது. குண்டளை அணைக்கு வண்டியில் போய்ச் சேருங்கள். அங்கிருந்து மாட்டுப்பட்டி அணை வரை சைக்கிளில் இறங்குங்கள். குண்டளை நீர்மட்டம் கடலிலிருந்து சுமார் 1,750 மீட்டர், மாட்டுப்பட்டி சுமார் 1,600. இடையில் 8 முதல் 10 கி.மீ. கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்குப் பதினைந்து, இருபது மீட்டர்தான் இறக்கம். பெடலை மிதிக்காமலும் உருளும், பிரேக்கைப் பிடித்தே சாக வேண்டியதும் இல்லை. நடுவில் முடியாமல் போனால் நிறுத்திவிட்டு வண்டியைக் கூப்பிடலாம், எல்லா இடத்துக்கும் சாலை இருக்கிறது.

சைக்கிளை ஏற்றிப்போக மூணாறில் பிக்கப்போ லோடு ஆட்டோவோ பேசிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உங்கள் கூடவே மெல்லப் பின்னால் வர வேண்டும், மாட்டுப்பட்டியில் காத்திருக்கக் கூடாது. கிளம்புமுன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். "அண்ணே, நாங்க ஆட்டோவ விட மெதுவாத்தான் வருவோம், சரியா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். மலையில் சில இடங்களில் போனுக்கு டவர் கிடைக்காது, அதற்கும் இது நல்லது. சைக்கிளைப் படுக்கவைத்து ஏற்றினால் செயின் இருக்கும் பக்கம் மேலே பார்த்திருக்கட்டும். கீழே போனால் கியர் மாற்றும் பாகம் நசுங்கிவிடும். கயிறு உரசுகிற இடத்தில் ஒரு பழைய சாக்கைச் சுருட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

இது பொதுச் சாலை, அனுமதி எதுவும் தேவையில்லை. தேயிலைக்குள் பிரிந்து போகிற மண் பாதைகள் எஸ்டேட்டுக்குச் சொந்தமானவை. ஆசையாக இருக்கும், கேட்காமல் நுழைய வேண்டாம்.

நாளும் நேரமும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு. அக்டோபர், நவம்பரில் துலாமழை. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கார்களுக்கு நடுவில் சைக்கிளுக்கு இடமிருக்காது. ஏப்ரல், மே பள்ளி விடுமுறை, மதியத்துக்கு மேல் கோடை மழையும் வரும். மிஞ்சுவது பொங்கல் கூட்டம் கலைந்த பிறகிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. அதிலும் செவ்வாய், புதன், வியாழன்.

ஜனவரிக் காலையில் எஸ்டேட் பள்ளங்களில் உறைபனி விழும் நாட்கள் உண்டு. நுரையீரல் நோய் வந்தவர்களுக்குக் குளிர்காற்று சட்டென்று இருமலைக் கிளப்பும். அதனால் விடியற்காலையில் கிளம்பும் வீரமெல்லாம் வேண்டாம். எட்டரை மணிவாக்கில், வெயில் தேயிலைமேல் விழுந்து பனி விலகிய பிறகு குண்டளையில் சைக்கிளை இறக்குங்கள். பத்தரைக்குள் மாட்டுப்பட்டி சேர்ந்துவிடலாம். அதன்பின் அங்கே சுற்றுலா வண்டிகள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும்.

முதல்நாளே போய் மூணாறில் ஒரு ராத்திரி தங்குங்கள். இது சொகுசுக்குச் சொல்வதில்லை. 1,700 மீட்டரில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடலோரத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நல்ல உடம்புக்கு அது தெரியாது, தேறிவருகிற உடம்புக்குத் தெரியும். மலை நோய் வருகிற உயரம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் போடிமெட்டு வளைவுகளில் குமட்டிக்கொண்டு வந்த கையோடு சைக்கிளில் ஏறுவது உடம்புக்குச் செய்கிற அநியாயம்.

சைக்கிள்

மூணாறில் கியர் சைக்கிள்கள் வாடகைக்குக் கிடைக்கும், முன்கூட்டியே போனில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். குறுக்குக் கம்பி தாழ்ந்த சைக்கிள், நாம் லேடீஸ் சைக்கிள் என்கிறோமே, அது கிடைத்தால் ஆண்களும் அதையே எடுங்கள். காலை உயரத் தூக்கிப் போட்டு ஏறும்போதுதான் பலவீனமானவர்கள் தடுமாறி விழுகிறார்கள்.

சீட் உயரத்துக்கு வழக்கமான அளவு, குதிகாலைப் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும் என்பது. நமக்கு அதைவிட ஒரு விரற்கடை குறைவாக இருக்கட்டும், உட்கார்ந்தபடியே முன்பாதம் தரையில் ஊன்ற வேண்டும். முழங்காலுக்கு அது கொஞ்சம் சிரமம்தான், ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். ஹேண்டில்பார் தாழ்ந்திருந்தால் முதுகு வளைந்து நெஞ்சு அழுந்தும், முழு மூச்சு எடுக்க முடியாது. ஏற்றிவைக்க முடியும் என்றால் ஏற்றிவிடுங்கள்.

கடைக்காரர் முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகச் சோதியுங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளினால் பின்சக்கரம் தூக்க வேண்டும். பின்பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். மூடுபனி எப்போது இறங்கும் என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது.

பையில் என்ன என்று நீட்டி எழுத ஒன்றுமில்லை. காது மூடும் குல்லா, அதன்மேல் ஹெல்மெட், காற்று புகாத ஜாக்கெட், கையுறை. ஃபிளாஸ்கில் வெந்நீர். வழக்கமான மாத்திரைகள். மாற்றிக்கொள்ள உலர்ந்த பனியன் ஒன்று, வியர்வை ஆறும்போதுதான் சளி பிடிக்கும் என்று பாட்டி சொல்வது மருத்துவமோ இல்லையோ, ஈர பனியனோடு காற்றில் நிற்க யாருக்கும் பிடிக்காது. சுமையெல்லாம் கூட வருகிறவர் முதுகில்.

ஓட்டும்போது

இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தால் கையும் களைக்கும், பிரேக் கட்டையும் சூடேறும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வேகம் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய்ப் பிடிக்கக் கூடாது. ஈரப் பாசி படிந்த நிழல் இடங்களில் இன்னும் கவனம். பெடலைச் சும்மா விடாமல் லேசான கியரில் சுற்றிக்கொண்டே வாருங்கள். காலை ஆட்டாமல் வெறுமனே உருண்டு வந்தால் குளிரில் முழங்கால் விறைத்துப்போகும், அடுத்து வருகிற சின்ன மேட்டில் சுருக்கென்று பிடிக்கும். மேடு வந்தால் எழுந்து நின்று மிதிக்க வேண்டாம். இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள்.

வேகத்தை அளக்கக் கடிகாரமோ செயலியோ தேவையில்லை, பேச்சு போதும். முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு இரண்டு சொல்லாக வந்தால் அதிகம். என் அக்கா வீட்டுக்காரர் போடியில் ஏலக்காய் வியாபாரம். டெங்குவிலிருந்து எழுந்த பிறகு அவரை இந்தத் தடத்தில் கூட்டிவந்தபோது, "மூச்சு வாங்குதா மச்சான்?" என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். "நேத்து ஏலத்துல எப்படி மச்சான்?" என்று கேட்டேன். எட்டு மில்லிமீட்டர் காய்க்கு என்ன போனது, யார் விலையை ஏற்றிவிட்டார், யார் சரக்கைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எக்கோ பாயின்ட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மேட்டில், "விலை... பரவால்ல மாப்ள" என்று சுருங்கியது. அங்கேயே இறங்கிவிட்டோம். அவருக்குக் காரணமே தெரியாது, நான் போட்டோ எடுக்க நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டார். தேறிவருகிறவரிடம் நேராகக் கேட்பதைவிட அவருக்குப் பிடித்த பேச்சை எடுத்துக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

களைத்த பிறகு ஓய்வு எடுப்பது தாமதம். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்கி உட்காருங்கள். ஏரிக்கரையில் வண்டி ஒதுக்க இடம் நிறையவே உண்டு. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், படபடப்பு, உட்கார்ந்து ஐந்து நிமிடமாகியும் தணியாத மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. சைக்கிளை வண்டியில் ஏற்றிவிட்டு மூணாறு மருத்துவமனைக்குப் போங்கள்.

காலையில் இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து ஏறுவது நல்லது. பரோட்டாவைத் தின்றுவிட்டு மிதிக்க முடியாது. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையிலேயே கடலை மிட்டாயும் குளுக்கோஸும் வைத்திருங்கள். குளிரில் வியர்ப்பதும் கை நடுங்குவதும் சர்க்கரை இறங்கியதற்கு அடையாளம். குளிரில் தாகம் தெரியாது, அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு வாய் வெந்நீர். சாலையோரத்தில் பறித்த மண்ணோடு கேரட் விற்பார்கள். வயிற்று நோய் வந்தவர்கள் அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிடுங்கள், அங்கேயே கடிக்க வேண்டாம்.

யானை

மாட்டுப்பட்டி ஏரிக்கரைப் புல்வெளிக்கு யானைகள் வரும். படையப்பா என்று ஊரே பெயர் வைத்திருக்கும் கொம்பன் யானை சாலையில் நிற்பதும், கடைகளில் புகுந்து பழம் தின்பதும் மூணாறில் வாடிக்கை. சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் அருகில் போகும் வரை அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. காலையில் கிளம்புமுன் தேநீர்க் கடையிலோ ஜீப் ஓட்டுநர்களிடமோ "இன்னைக்கு ஆனை எங்க நிக்குது?" என்று கேளுங்கள். சரியான தகவல் அவர்களிடம்தான் இருக்கும். தூரத்தில் கண்டால் அங்கேயே நின்று, சைக்கிளைத் திருப்பி, பின்னால் வரும் வண்டிக்குப் போய்விடுங்கள். பெல் அடிப்பது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பது, கடந்துவிடலாம் என்று கணக்குப் போடுவது எதுவும் கூடாது. உங்களால் இப்போது வேகமாக மிதிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது.

இறங்கிய பிறகு

மாட்டுப்பட்டியில் சைக்கிளை நிறுத்தியதும் அப்படியே உட்கார்ந்துவிடாமல் ஐந்து நிமிடம் மெல்ல நடங்கள். பனியனை மாற்றுங்கள். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறோ கஞ்சித் தண்ணீரோ குடியுங்கள். அன்றைக்கு வேறு எதையும் பார்க்கப் போக வேண்டாம். "வந்தது வந்தோம், ராஜமலையையும் பார்த்துவிடலாம்" என்று யாராவது கிளப்புவார்கள். மதியம் சாப்பிட்டுத் தூங்குங்கள், மறுநாள் ஊருக்குத் திரும்புங்கள். அன்றே போடிமெட்டு இறங்கினால், மறுநாள் வருகிற அசதி சைக்கிளால் வந்ததா வளைவுகளால் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது.

டெங்கு வந்தவர்கள் கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். பாராசிட்டமால் போதும், அதுவும் கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான்.

அடுத்த கட்டம்

இரண்டு நாள் கழித்தும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசும் கேட்கிறது என்றால், சில வாரம் விட்டு அடுத்த துண்டுக்குப் போகலாம். அது டாப் ஸ்டேஷனிலிருந்து எல்லப்பட்டி வழியாகக் குண்டளைக்கு இறங்குவது. சாலை குறுகல், காடு நெருக்கம், வட்டவடைக்குக் காய்கறி ஏற்றப் போகும் வண்டிகள் வேகமாக வரும். கண்ணுக்கு இதுதான் நிறைவான பகுதி என்பேன். டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்துக்குள் வருவது, கீழே கொட்டகுடிப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும், தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் இறங்கிய பக்கம் அதுதான். அங்கிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாகக் குரங்கணிக்கு இறங்கும் நடைபாதை வனத்துறை அனுமதி வேண்டுகிற தனிக் கதை, தேறிவருகிறவர்களுக்கானது இல்லை.

டாப் ஸ்டேஷன் காட்சிமுனைக்குப் படிகளில் இறங்கிப் போக வேண்டும், இறங்கியதையெல்லாம் திரும்ப ஏறவும் வேண்டும். இந்தத் தடம் முழுக்க ஓட்டுவதைவிட அந்தப் படிகள் கடினம். முதல் தடவை மேலே கடை வரிசையிலேயே நின்று பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுங்கள். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் மூடுபனி ஏறிவிடும், பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள்.